மூன்று உறைகள்

டிராமின் கதவில் சிக்கிக்கொண்டது
ஏழடி விட்டில்பூச்சி ஒன்று.
இடது இறக்கையை மடக்கத் தெரியவில்லை அதற்கு.
ஓட்டுநர் இறங்கிவந்து
குடையைச் சுருக்குவதுபோலச் சுருக்கிக் கொடுத்தார்.
"மாநாட்டு மண்டபமா? அடுத்த நிறுத்தம்" என்றார்,
கேட்கவே வேண்டியிராத கேள்வியை.

டாம்பெரேயின் அந்த டிராமில்தான் நானும் இருந்தேன்.
மடியில் பை, பைக்குள் முடிவுகள்.

நாற்பது நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள்.
கழுத்து அட்டையின் கீழ் ரிப்பன்மேல் ரிப்பன் ஒட்டி
முழங்கால்வரை தொங்கவிட்டிருக்கிறார்
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர்.
'செவ்வாயில் கழிவுநீர்' அரங்கு நிரம்பி
வாசலில் நிற்கிறது கூட்டம்.
பக்கத்து அறையில் விண்வெளிப் பேரரசுகளின் வீழ்ச்சி:
ஒன்பது பேர், அதில் இருவர் தூக்கம்.

யாருக்கு விருதென்று
எனக்கும் பெர்த்திக்கும் மட்டும் தெரியும்.
பதினோரு நாளாகத் தெரியும்.

நாங்கள் எண்ணும் முறை கொஞ்சம் ஈரமில்லாதது.
கடைசியில் நிற்பவரை நீக்கு.
அவர் சீட்டுகளைப் பிரி.
அடுத்து யார் பெயரோ அவர் தட்டில் போடு.
மறுபடி கடைசியில் நிற்பவரை நீக்கு.
ஒருவரை உயிராக நேசித்தவர்கள்
இரண்டாவது ஆளைத் தேடிப் போவதை
விடியும்வரை பார்த்திருக்கும் வேலை.
எல்லாப் பட்டியலின் அடியிலும்
'யாருக்கும் வேண்டாம்' என்றொரு வேட்பாளர் உண்டு.
ஒரு வரி எழுதாமல் அவருக்கு நாற்பத்தொரு வாக்கு.
"சுருக்கமான நடை" என்றான் பெர்த்தி.

நாவல் பிரிவு, கடைசிச் சுற்று.
குரிச்சிபாவின் எவாரிஸ்டோ: அறுநூற்றுப் பதினான்கு.
டார்ட்டுவின் மாய்ரே கூசிக்: அறுநூற்றுப் பன்னிரண்டு.
மூன்று முறை எண்ணினோம்.
நான்காம் முறைக்குப் பதிலாகக் காப்பி குடித்தோம்.

மறுநாள் தபாலில் வந்தன மூன்று உறைகள்.
இன்னும் காகிதத்தில் வாக்களிப்பவர்கள் இருக்கிறார்கள்.
ஒன்று உருகுவேயிலிருந்து.
ஒன்றில் முத்திரை நனைந்து ஊர் அழிந்திருந்தது.
மூன்றாவது, இதோ இங்கிருக்கும் நோக்கியாவிலிருந்து;
பஸ்ஸில் அரைமணி நேரம்.
எப்படித் தாமதமானதென்று தபால்காரரைத்தான் கேட்கவேண்டும்.

கெடு தாண்டியதைத் திறக்கக் கூடாது.
திறக்கவில்லை.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேனா என்று
கேட்காதீர்கள்.

விழா மாலை, கழிவறைக் கண்ணாடி முன்
பச்சை உடையில் ஒருத்தி முதுகைக் காட்டினாள்.
"கொஞ்சம் ஜிப்பை ஏற்றிவிடுங்களேன்."
மாய்ரே.
நூல் சிக்கியிருந்தது. பல்லால் கடித்து எடுத்தேன்.
"நன்றி சொல்ல எழுதி வைத்திருக்கிறேன்," என்றாள்,
"கடைசியில் நாயின் பெயர். சிரிப்பார்களா?"
வரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம்,
பொய்க் கணக்கு ஒன்றிலும் கையெழுத்திட்டதில்லை நான்.
"கட்டாயம் வாசியுங்கள்" என்றேன்.

எவாரிஸ்டோ என்று அறிவித்தபோது
முதலில் எழுந்து கைதட்டியவள் அவள்தான்.
அவர் கண்ணாடி வால்மீனைக் குழந்தையைப்போல ஏந்தினார்,
வால் தொண்டையில் குத்தும்படி.

தோற்றவர்களுக்கென்று ஒரு விருந்து நடக்கும், வழக்கம்.
வென்றவர்களின் விருந்தைவிடச் சத்தம் அதிகம்.
விட்டில்பூச்சியும் அங்கே இருந்தது, இறக்கையில்லாமல்,
ஆடைப் போட்டியில் நான்காம் இடம்,
ஊறுகாய் மீன் தின்றுகொண்டு.
சுவரில் ஒட்டியிருந்தது எண்ணிக்கைத் தாள்.
"இரண்டா!" என்று கத்தினாள் மாய்ரே,
"அம்மாவும் என் பதிப்பாளரும் போட மறந்திருப்பார்கள்."
பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு
நாற்காலிமேல் ஏறி
அந்த உரையை வாசித்தாள், ஒரு வரி விடாமல்.
அவளுக்குப் பின் இன்னொருவர். இன்னொருவர்.
சட்டைப்பைகளிலிருந்து மடித்த காகிதங்கள் வெளியே வந்தன,
நடக்காத இரவுக்கான நன்றிகள்.
அதிகக் கைதட்டல் முரிக்கு,
டார்ட்டுவில் உறங்கிக்கொண்டிருந்திருக்கும் அந்த நாய்க்கு.

நான் கதவருகே நின்றேன், பையை மார்போடு அணைத்து.
ஒரு முறை என்னைப் பார்த்துக் கையசைத்தாள்,
ஜிப் பெண்மணி என்று.

இப்போது அக்டோபர்.
அலுவலக இழுப்பறையில் இருக்கின்றன மூன்றும்.
நோக்கியா உறையின் பசை காய்ந்து
ஓரம் தானாகப் பிரியத் தொடங்கியிருக்கிறது.
அதன்மேல் ஸ்டேப்ளரை வைத்திருக்கிறேன்,
கனமானதை.